பட்டனை விடுங்க, சேனலைப் பாருங்க!

சோளிங்கர் நரசிம்மரைக் காலையில் தரிசித்துவிட்டு, மதியத்துக்குள் திருத்தணி மலைக்குப் போய் தம்பியின் பேரனுக்கு மொட்டை போட்டுவிட வேண்டும். இதுதான் எங்கள் திட்டம். எட்டுப் பேர், ஒரு கூடை புளியோதரை, வாடகைக்கு எடுத்த பெரிய வேன். பட்டனைத் தொட்டால் பக்கக் கதவு தானாக வழுக்கிக்கொண்டு திறக்குமே, அந்த ரகம். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தே குழந்தைகளுக்கு அதுதான் விளையாட்டு. திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். "மாயாஜாலக் கதவு" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கே.ஜி.கண்டிகையில் இளநீர் வண்டி ஒன்றைப் பார்த்து ஓரமாக நிறுத்தினோம். இறங்கினோம், குடித்தோம், ஏறினோம். டிரைவர் பட்டனைத் தட்டினார். கதவு முக்கால்வாசி தூரம் வந்தது. 'பீப் பீப்' என்றது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

மறுபடி தட்டினார். மறுபடியும் முக்கால்வாசி, பீப், திரும்பல். லிஃப்ட் வரவில்லை என்றால் நாம் பட்டனைக் குத்திக்கொண்டே இருப்போம் இல்லையா, அதே மாதிரி குறைந்தது பத்துத் தடவை அழுத்தியிருப்பார். அப்புறம் தம்பி இறங்கி வெளியிலிருந்து கதவைத் தள்ள, அவன் மாப்பிள்ளை உள்ளேயிருந்து இழுக்க, டிரைவர் விடாமல் பட்டனை அழுத்த, மூன்று பேருமாக அந்த மோட்டாரோடு மல்லுக்கட்டினார்கள். கதவிலிருந்து தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதோடு பாதியில் நின்றுவிட்டது.

"கயிறு இருக்குங்களா? இழுத்துக் கட்டிட்டா திருத்தணி வரைக்கும் போயிடலாம். பக்கம்தான்." கூடிவிட்ட நாலைந்து பேரில் ஒருவர் சொன்ன யோசனை இது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருக்கிறது, வெயில் ஏறுகிறது. ஆனால் அந்தக் கதவை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்திருப்பது எழுபத்தெட்டு வயது அம்மா. அவர் மடியில் மொட்டைக்குப் போகும் குழந்தை.

நல்லவேளை, சாலைக்கு எதிர்ப்பக்கமே ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப். கையைத் துடைத்துக்கொண்டே வந்த மெக்கானிக் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தனை வாட்டி பட்டனை அழுத்துனீங்க?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"கயிறு கியிறுலாம் வேணாம்மா. முதல்ல பெரியம்மாவையும் குழந்தையையும் இறக்குங்க" என்றவர், அடுத்துச் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "ஆம்னி, ஈகோ கதவுன்னா தினமும் பாக்குறேன். மோட்டார் வெச்ச கதவு இதுதான் முதல் வாட்டி. ஆனா கதவு கதவுதானே?"

டிரைவரிடம் சொல்லி, மோட்டார் கதவுக்கான மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். இந்த மாதிரி வண்டிகளில் ஓட்டுநர் பக்கம் அப்படி ஒரு சுவிட்ச் இருக்கும். அணைத்துவிட்டால் அது சாதாரணக் கைக்கதவு ஆகிவிடும். பிறகு ஒரே கையால், அவசரமே இல்லாமல், கதவை முன்னும் பின்னும் நகர்த்தினார். காதைக் கதவோடு வைத்துக்கொண்டார். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போதெல்லாம் 'கரக்' என்றது. "மோட்டார் மேல தப்பு இல்ல. அது பாவம், விட்டுடுங்க" என்று தரையில் சாக்கை விரித்துப் படுத்துவிட்டார்.

அவர் படுத்திருக்கும்போதே, இந்தக் கதவு எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும்.

வழுக்கிச் செல்லும் கதவு எதுவானாலும், பழைய ஆம்னியோ அறுபது லட்ச ரூபாய் வண்டியோ, பொதுவாக மூன்று பாதைகளில் ஓடுகிறது. மேலே கூரை ஓரத்தில் ஒன்று. கீழே படிக்கட்டை ஒட்டி ஒன்று. நடுவில் ஒன்று. வண்டியின் பின்பக்க உடம்பில் நீளவாக்கில் ஒரு கோடு மாதிரி ஓடுகிறதே, அது அலங்காரம் இல்லை, அதுதான் நடுப்பாதை. மெக்கானிக்குகள் சேனல் என்கிறார்கள். ஒவ்வொரு சேனலிலும் கதவிலிருந்து நீளும் ஒரு கை, அதன் முனையில் சின்னச் சின்ன ரோலர்கள். கதவின் கனம் முழுக்க இந்த ரோலர்கள் மேல்தான். ரயிலுக்குத் தண்டவாளம் எப்படியோ, இதற்குச் சேனல் அப்படி.

மோட்டார் கதவில் கூடுதலாக இருப்பவை சில. பெரும்பாலான வண்டிகளில் மோட்டார் கதவுக்குள் இருக்காது. வண்டியின் பின்பக்கச் சுவருக்குள் ஒளிந்திருந்து, கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு கம்பிக் கயிற்றைச் சுற்றிக் கதவை இழுக்கும். கதவு வந்து சேர்ந்ததும் கடைசி சில மில்லிமீட்டரை இழுத்துப் பூட்டைக் கவ்வ வைக்க இன்னொரு சின்ன மோட்டார். ஓடும் கதவுக்குக் கரண்ட் போக, மடங்கி மடங்கி நீளும் பிளாஸ்டிக் சங்கிலிக்குள் ஒயர்க் கட்டு. கதவின் முன் விளிம்பில் ரப்பர் பட்டை மாதிரி தெரிவது பல வண்டிகளில் வெறும் ரப்பர் இல்லை. விரல் பட்டால் தெரிந்துகொள்ளும் சென்சார்.

இவ்வளவு இருந்தும் அந்த மோட்டாருக்குக் கண் கிடையாது. வழக்கமான வேகத்தில் கதவு நகர்கிறதா, வழக்கத்தைவிட அதிகச் சக்தி தேவைப்படுகிறதா என்பதை மட்டும்தான் அது கவனிக்கும். சட்டென்று இறுகினால், 'வழியில் ஏதோ இருக்கிறது' என்று முடிவு செய்து திரும்பிவிடும். அந்த ஏதோ ஒன்று குழந்தையின் கையாக இருக்கலாம், சேனலில் கிடக்கும் கல்லாகவும் இருக்கலாம். அதற்கு வித்தியாசம் தெரியாது. தெரியாததால்தான் திரும்புகிறது. நாங்கள் கோளாறு என்று நினைத்துக் கும்மியெடுத்தோமே, அந்தக் கதவு அப்போது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது!

"டார்ச் அடிங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. என் போனை நீட்டினேன். கீழ்ச் சேனலுக்குள் வெளிச்சம் பட்டதும் பார்த்தால், அது சேனலே இல்லை, குப்பைத்தொட்டி. கெட்டித்துப்போன மண், வேர்க்கடலைத் தோல், ஏதோ ஒரு குழந்தையின் உடைந்த ஹேர் கிளிப், ஒரு பிஸ்கட் துண்டு. இதற்கெல்லாம் நடுவே ரோலர் வந்து முட்டும் இடத்தில், பட்டாணி அளவில் ஒரு கருங்கல் சில்லு. டிப்பர் லாரிகள் ஓடுகிற சாலையோரம் இறங்கி ஏறும்போது யார் செருப்போடோ வந்திருக்க வேண்டும்.

அந்தச் சில்லைக் குச்சியால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இவ்வளவுதானா என்றிருந்தது.

கூட இருந்த பையனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். பழைய டூத் பிரஷ்ஷும், துணியும், சின்ன எண்ணெய்க் குப்பியும் வந்தன. மண்ணைச் சுரண்டினார், பிரஷ் போட்டார், ஈரத் துணியால் துடைத்தார், காய்ந்த துணியால் மறுபடி துடைத்தார். நடுச் சேனல், மேல் சேனலையும் விடவில்லை. எண்ணெயை மட்டும் கஞ்சத்தனமாக விட்டார். ரோலர் சுற்றும் அச்சில் ஒரு சொட்டு, கை மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு. சேனலில் விடவே இல்லை. "சேனல்ல கிரீஸ் அப்பிடுவாங்கம்மா. அன்னிக்கு நல்லா ஓடும். பத்து நாள்ல ரோட்டு மண்ணெல்லாம் அதுல ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆயிடும். ரோலரைத் தின்னுடும்" என்றார். எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் தடத்தில் நான் வருஷா வருஷம் கிரீஸ் அப்புவது நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் என்னதான் ஆகிவிடும் என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 2016 நவம்பரில் டொயோட்டா தன் சியன்னா வேன்களில் 7 லட்சத்துக்கும் மேல் அங்கே திரும்ப அழைத்தது. 2011 முதல் 2016 வரையிலான மாடல்கள். காரணம், இதே பக்கக் கதவு. பனிக்காலத்தில் கதவு உறைந்து இறுகிக்கிடக்கும். ஆள் பட்டனை அழுத்துவார். நகர முடியாத கதவை மோட்டார் இழுக்கும். மின்சுமை ஏறி ஃபியூஸ் போகும். பூட்டு பாதி விடுபட்ட நிலையில் ஃபியூஸ் போய்விட்டால், கதவு பூட்டிக்கொள்ளாமலே நிற்கும். பிறகு வண்டி ஓடும்போது அது திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு என்பதுதான் கண்டுபிடித்த ஆபத்து. அங்கே பனிக்கட்டி, இங்கே ஜல்லிச் சில்லு. நகராத கதவை மோட்டாரை வைத்து இழுக்கிற அவசரம் மட்டும் ரெண்டு ஊரிலும் ஒன்றுதான்.

மோட்டார் கதவின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே அமெரிக்காவில் 2023-ல் கியா நிறுவனம் 2022, 2023 மாடல் கார்னிவல் வேன்கள் 51,000-க்கு மேல் திரும்ப அழைத்தது. மூடும் கதவில் அகப்பட்டுக் காயம்பட்டதாகப் புகார்கள் வந்திருந்தன. மென்பொருளை மாற்றிக் கதவு மூடும் வேகத்தைக் குறைத்து, மூடும் முன் எச்சரிக்கை ஒலியும் சேர்த்தார்கள். ஆக, சென்சார் இருக்கிறதே என்று கையை நீட்டிச் சோதித்துப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம். அதற்காக, "அடிக்கடி திரும்புது, சென்சார் ஒயரைக் கட் பண்ணிட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறை வாசலையே மிதிக்காதீர்கள். கேஸ் வாசனை வருகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பது மாதிரி அது.

'மோட்டார் கதவு வண்டியெல்லாம் நம்ம வீட்டில் ஏது?' என்று நினைப்பவர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. வழுக்குக் கதவு நம் ஊருக்குப் புதிதா என்ன? 1984-ல் மாருதி வேன் வந்தது. பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019-ல் உற்பத்தி நிற்கும் வரை முப்பத்தைந்து வருஷம் ஓடியது. சினிமா வில்லன்கள் கதாநாயகியின் தங்கையைக் கடத்தியதெல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான். நிஜத்தில் அது சுமந்தது காய்கறி மூட்டை, கல்யாணச் சீர், நோயாளி, முக்கியமாகப் பள்ளிக் குழந்தைகள். 2010-ல் வந்த ஈகோ இன்றைக்கும் அதையேதான் செய்கிறது. குறுகலான தெருவில் கதவை விரித்துத் திறக்க இடம் வேண்டாம், ரெண்டு மூட்டையை ஒன்றாக ஏற்றலாம். அதனால்தான் இந்தக் கதவுக்கு நம் ஊரில் இவ்வளவு மவுசு.

சேனலைத் துடைத்தபடியே மெக்கானிக் சொன்னது அந்த வண்டிகளைப் பற்றித்தான். "உங்க வண்டிலயாச்சும் கதவு சரியா மூடலன்னா பீப் அடிக்குது. ஸ்கூலுக்கு ஓட்டுற பழைய வண்டில எது அடிக்கும்? ரோலர் தேஞ்சி கதவு தொங்கும். பூட்டு பாதிதான் கவ்வும். மூடுன மாதிரியே இருக்கும். பசங்க சாஞ்சி உக்காந்திருக்கும். கொண்டாங்க, ரோலர் மாத்தித் தரேன்னா, லீவுல பாத்துக்கலாம்பாங்க. அதுவரைக்கும் கயிறு, இல்லன்னா கொக்கி."

இதைக் கேட்டதும் எனக்கு 2012 ஜூலை ஞாபகம் வந்தது. தாம்பரம் பக்கம், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை இறந்துபோனாள். தமிழ்நாடே துடித்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த வருஷமே பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. இன்று ஒவ்வொரு மே மாதமும் பள்ளி திறக்கும் முன் மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி, தரைப்பலகை, படி, கதவு, அவசர வழி என்று அதிகாரிகள் பார்ப்பதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பள்ளியின் சொந்தப் பேருந்து அந்த வரிசையில் நிற்கும். ஆனால் நாலு வீட்டுப் பெற்றோர் சேர்ந்து பேசிவைத்த வேன்? அதன் கதவை யார் பார்ப்பது? நாம்தான் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் தெரிந்தவராக இருப்பார், பாவப்பட்டவராகவும் இருப்பார், கேட்கச் சங்கடமாக இருக்கும். இருந்தாலும் கேட்டுவிடுங்கள். ரோலர் மாற்றும் செலவை நாலு வீடும் பங்கு போட்டுக்கொண்டாலும் தப்பில்லை.

பார்ப்பதும் பெரிய வித்தை இல்லை. கதவை மூடிவிட்டு, வெளியே நின்று அதன் பின் விளிம்பைக் கவனியுங்கள். வண்டியின் உடம்போடு சமமாக இருக்க வேண்டும். விரல் நுனி நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றால் பூட்டு முழுசாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். திறந்த கதவைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நிறைய ஆடினால் ரோலர் போச்சு. டேஷ்போர்டில் கதவு விளக்கு இருக்கும் வண்டியில், அது எரியும்போது நகரவே கூடாது. 'பக்கம்தான்' என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. கதவு பிடுங்கிக்கொள்ள ஒரு வேகத்தடை போதும்.

மோட்டார் கதவு வைத்திருப்பவர்களுக்கு அந்த மெக்கானிக் காட்டிய சோதனை ஒன்றே பாதிப் பிரச்னையைப் பிரித்துக் காட்டிவிடும். மெயின் சுவிட்சை அணையுங்கள். கையால் நகர்த்துங்கள். கைக்கே இறுக்கமாக இருந்தால் கோளாறு சேனலில், ரோலரில், அல்லது நசுங்கிய தகரத்தில். மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். கைக்கு வெண்ணெயாக நகர்கிறது, பட்டனுக்கு மட்டும் நகரவில்லை என்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். பேட்டரி இறங்கியிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், சங்கிலிக்குள் மடங்கி மடங்கி ஒயர் அறுந்திருக்கலாம். நகர்த்தும்போது கம்பி உரசுகிற சத்தம் கேட்டாலோ, கம்பிக் கயிறு பிரிந்து தொங்கினாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். அது பழக்கமுள்ளவர்கள் பிரிக்க வேண்டிய இடம்.

கோளாறே இல்லாமலும் கதவு முரண்டு பிடிக்கும். கியர் 'பார்க்'கில் இல்லை என்றால் பல வண்டிகளில் திறக்காது. சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளேயிருந்து கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. சில வண்டிகளில் டீசல் மூடி திறந்திருந்தால் அந்தப் பக்கக் கதவு நகராது, போய் மூடியில் இடித்துவிடும் என்பதால். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு, ஒருதடவை கையால் முழுசாக மூடினால்தான் சில வண்டிகளுக்குப் பழைய ஞாபகமே திரும்பும். இதெல்லாம் வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் முன்பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும். இந்த வண்டியிலும் அப்படித்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டார். டிரைவர் பட்டனைத் தொட்டார். கதவு ஓடி வந்து, கடைசியில் 'ம்ம்' என்று முனகி, பூட்டிக்கொண்டது. இளநீர்க்காரர் உட்பட எல்லோரும் கை தட்டினோம். மெக்கானிக் மட்டும் திருப்தியாகவில்லை. ஐந்து தடவை திறந்து மூட வைத்தார். பாதி வரும்போது குறுக்கே சுருட்டிய சாக்கைப் பிடித்து, கதவு திரும்புகிறதா என்று பார்த்தார். திரும்பியது. "மல்லுக்கட்டினப்போ கேட்ட சத்தம் என்னான்னு தெரியல. கம்பி பாக்க நல்லாதான் இருக்கு. ஊருக்குப் போனதும் அந்தப் பின் தகட்டைப் பிரிச்சு ஒருவாட்டி பாக்கச் சொல்லுங்க. இப்போதைக்குப் பட்டன் டிரைவர் மட்டும்தான் தொடணும்" என்றார். கடைசி வரியைக் குழந்தைகளைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் இளநீர் வழுக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முக்கால் மணி நேர வேலை. எவ்வளவு என்றதற்கு, "குப்பையைக் கூட்டினதுக்கு என்னம்மா காசு" என்று சிரித்தார். தம்பி முந்நூறு ரூபாயை வற்புறுத்தி அவர் சட்டைப்பையில் வைத்தான்.

திருத்தணி போய்ச் சேர மணி ஒன்றரை ஆகிவிட்டது. மொட்டை நல்லபடியாக முடிந்தது. மலை மேல் வண்டியை நிறுத்தியதும் மாயாஜாலக் கதவு அழகாகத் திறந்துகொண்டது. எல்லோரும் இறங்கினோம், அம்மாவைத் தவிர. அவர் கண்டிகையிலேயே தம்பியை எழுப்பிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இந்தக் கைப்பிடி வெச்ச கதவே போதும்டா" என்று, சாவகாசமாக அதைத் திறந்துகொண்டு இறங்கினார்.